தகரப்பெட்டியில் கிடக்கும் பண்ணைக் காகிதங்களை அடுக்கிவைப்பது எப்படி?

நடுவே முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோதான் மச்சிலிருந்து அந்தத் தகரப்பெட்டி கீழே இறங்கும். கிரயப் பத்திரங்களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். குத்தகைக் கணக்குக்கும், பண்ணையாட்களுக்குக் கம்பும் சோளமும் அளந்த நோட்டுக்கும் நகல் எங்கே இருக்கிறது? அயர்லாந்தில் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. குத்தகைக்கு உழுதவர்களின் வாரிசுகள் இன்று முப்பாட்டன் பெயரைத் தேடுவது நிலக்கிழார் வீட்டுக் குத்தகைப் பேரேடுகளிலும்தான்.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் துண்டுகள் பறக்கும், ஐப்பசியில் பூஞ்சை பிடிக்கும்.

கட்டை அவிழ்க்கும் முன் பெட்டியைப் படமெடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண். கட்டுக்குள் இருக்கும் வரிசையைக் கலைக்கவே கூடாது. கிரயம் ஒரு பக்கம், அடமானம் ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தப்பு. பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு மடித்துவைத்த தண்ணீர் முறைச் சீட்டில் ஆள் பெயரும் நாளும் மட்டும்தான் இருக்கும். அதைத் தனியே எடுத்துவிட்டால் எந்தக் கிணறு, எந்தப் பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணை 2பி பென்சிலால் பின்பக்க மூலையில் எழுதுங்கள்: மூன்றாம் கட்டு, பன்னிரண்டாம் தாள் என்றால் 3/12. பேனா ஆகாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை நெம்பித் தளர்த்தி எடுங்கள். மடிப்பில் நொறுங்கும் தாளை வலிந்து விரிக்க வேண்டாம். மூடிபோட்ட டப்பாவில், ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சை வைத்து, தாளில் படாமல் மூன்று நான்கு மணி நேரம் விட்டால் தானே இளகும். ராத்திரி முழுக்க விடக் கூடாது. ஊதா நிறக் காப்பியிங் பென்சில் எழுத்து இருந்தால் இந்த வைத்தியமே வேண்டாம், எழுத்து கரைந்து பரவிவிடும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் காகிதத்துக்கு எமன்.

காலக்கணக்கில், நிலவரிக் கணக்குக்கான ஆண்டாகிய பசலியோடு 590 கூட்டினால் ஜூலை முதல் டிசம்பர் வரையிலான ஆங்கில ஆண்டு; ஜனவரி முதல் ஜூன் வரைக்கு 591. பசலி 1327 என்றால் 1917 ஜூலை முதல் 1918 ஜூன் வரை. வெறும் ‘பிங்கள வருஷம்’ என்றிருந்தால் 1857ஆ, 1917ஆ என்று முத்திரைத்தாளில் அச்சிட்ட ஆங்கில அரசரின் தலையைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1917.

ஒவ்வொரு தாளையும் படமெடுக்கையில் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடனுக்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டில் வரவு வைத்த தொகை அங்கேதான் இருக்கும்.

கட்டிவைக்க ஈரோட்டுக் காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, போதும். கஞ்சி முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். கஞ்சி வாசத்துக்குப் பூச்சி வரும். காய்ந்த வேப்பிலையைத் தனி முடிச்சாகப் போடுங்கள், தாள்மேல் பட்டால் கறை. பெட்டியைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.