பந்து கீழே விழுந்ததும் என்ன செய்கிறீர்கள்?

ஓர் அணியின் மனசு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் ராலியை, அதாவது பந்து இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிற ஆட்டத்தை, பார்ப்பதில்லை. ராலி முடிந்து பந்து கீழே விழுந்ததிலிருந்து அடுத்த சர்வீஸுக்கு நடுவர் விசில் ஊதும் வரைக்கும் உள்ள நேரத்தைத்தான் பார்ப்பேன். வாலிபாலில் அது பத்துப் பதினைந்து விநாடி. பந்து பறக்கும்போது எல்லோரும் நல்லவர்கள். கெட்டவராக இருக்க நேரம் கிடைக்காது. பந்து விழுந்த பிறகுதான் யார் யாரை முறைக்கிறார்கள், யார் தரையைப் பார்க்கிறார்கள், யார் அவிழாத ஷூ லேஸைக் கட்டக் குனிகிறார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

நான் பதினோரு வருஷம் செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தை ஏற்றிக் கொடுப்பவளாக, ஆடினேன். இப்போது பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் என் பிள்ளைகளிடம் செய்து பார்த்தவை, சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டவை. உதாரணங்கள் வாலிபாலாக இருக்கும். ஆனால் ஹாக்கியோ கபடியோ கால்பந்தோ, ஆட்டம் நிற்கிற சில விநாடிகள் இல்லாத விளையாட்டு கிடையாது. அந்த விநாடிகளைப் பழக்குவதுதான் முழு வேலையும்.

முதலில் உங்கள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நான் பார்த்த கதையைச் சொல்கிறேன். அணியிலேயே நிதானமான ஆள் நான்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மேட்சை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். மூன்றாவது செட். பாஸ் மோசமாக வருகிறது, நான் ஓடிப்போய் எப்படியோ பந்தை இடது பக்கம் ஏற்றிவிடுகிறேன், எங்கள் அட்டாக்கர் அதை நெட்டில் அடிக்கிறாள். நான் அவள் பக்கம் திரும்பி இரண்டு உள்ளங்கைகளையும் வானத்தைப் பார்த்து விரிக்கிறேன். அரை விநாடிதான். அவள் முழங்கால் பேடை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறாள். அதற்குப் பிறகு அந்த செட் முடிகிற வரைக்கும் அவள் ஒரு தடவைகூட பந்து கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அரை அடி பின்னாலேயே நின்றாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகிற வழியில், ‘அவளுக்குத் தைரியம் பத்தாது’ என்று ஒருத்தியிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. தைரியத்தைப் பிடுங்கிய கை என்னுடையது என்பது வீடியோவைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது.

அதனால் ஒரு மேட்சைப் படம் எடுங்கள். ராலிகளை எல்லாம் தள்ளிவிட்டு இடைவெளிகளை மட்டும் பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். எல்லோரையும் உட்காரவைத்துப் பெரிய திரையில் காட்டாதீர்கள், அது அவமானமாகிவிடும். ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்து, ‘உன்னை மட்டும் பாரு’ என்றால் போதும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பயிற்சியாளரும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தலையில் கை வைக்கிற ஆள் என்று அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்து, அந்த இடைவெளிக்கு ஒரு முறையை வையுங்கள். எங்கள் அணியில் பாயிண்ட் வந்தாலும் போனாலும் ஆறு பேரும் நடுவில் கூடுவார்கள், கை தொடுவார்கள், ஒருத்தி மட்டும் பேசுவாள். ஆறு பேரும் பேசினால் அது சந்தை. பேசுகிறவள் போன பந்தைப் பற்றிப் பேசக் கூடாது, வரப்போகிற பந்தைப் பற்றித்தான் பேச வேண்டும். ‘பரவால்ல, கவனமா ஆடு’ என்றால் கேட்பவளுக்கு எதைக் கவனிப்பது என்றே தெரியாது. ‘அவ குறுக்கே அடிப்பா, ஓரடி உள்ள வா’ என்றால் அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைத்த மனசுக்குப் போன பாயிண்டை நினைத்துப் புழுங்க இடமில்லை.

கை தொடுவது வெறும் சடங்கு என்று பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் 2008-09 சீசனை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2010-ல் வெளிவந்தது. சீசன் தொடக்கத்தில் ஒருவரையொருவர் அதிகம் தட்டிக்கொடுத்து, தோளில் கை போட்டு ஆடிய அணிகள் அந்த சீசனில் நன்றாக ஆடியிருந்தன. தொட்டதால்தான் ஜெயித்தார்கள் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒற்றுமையான அணி இயல்பாகவே நிறையத் தொடும். எனக்கு இதில் பிடித்தது வேறு விஷயம். கோபத்தில் இருக்கிற ஒருத்தி கை நீட்டாமல் விட்டால் அது எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. டைம் அவுட் கேட்க அது போதுமான காரணம்.

மைதானத்துக்குள் ‘சாரி’ சொல்வதைத் தடை செய்திருக்கிறேன். கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். ஒருத்தி சாரி என்றால் மற்ற ஐந்து பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைத் தேற்ற வேண்டியிருக்கிறது. தப்பு செய்தவள் கையைத் தூக்கி ‘என்னுது’ என்பாள். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

இப்போது பதற்றம். செட் முடியப்போகிற 24-24-ல் சர்வீஸ் போடப் போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆபத்து எங்கே என்றால், ஆயிரம் தடவை போட்டுப் பழகிய சர்வீஸை அந்த நேரத்தில் துண்டு துண்டாகப் பிரித்து யோசிக்கத் தொடங்குவதில்தான். முழங்கை எங்கே, மணிக்கட்டு எப்படி, பந்தை எவ்வளவு உயரம் போட வேண்டும் என்று யோசித்தால் கை மறந்துவிடும். மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் காலை எப்படி வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், தடுமாறுவீர்கள். அதனால் கவனத்தை உடம்பைவிட்டு வெளியே நகர்த்த வேண்டும். எதிரணியில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள், மூச்சை மெதுவாக விடு, பந்தை எப்போதும் தட்டுகிற அதே எண்ணிக்கை தட்டு, அடி. விசிலுக்குப் பிறகு 8 விநாடி இருக்கிறது. பயந்தவர்கள்தான் இரண்டாவது விநாடியிலேயே பந்தை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். ஐந்து விநாடியாவது செலவழிக்கச் சொல்லுங்கள்.

இதை வாயால் சொல்லி ஒரு பயனும் இல்லை. பயிற்சியிலேயே அந்த நிலைமையை உண்டாக்க வேண்டும். நாங்கள் பயிற்சி ஆட்டத்தைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 22-24 என்று தொடங்குவோம், நன்றாக ஆடுகிற பிள்ளைகளைப் பின்தங்கிய பக்கம் போடுவேன். தோற்ற பக்கம் நெட்டைக் கழற்றி மடிக்க வேண்டும். இன்னொன்று, பயிற்சி முடிந்து எல்லோரும் களைத்திருக்கும்போது, ஆறு பேரும் வரிசையாக ஆளுக்கொரு சர்வீஸ். ஆறும் விழுந்தால்தான் வீட்டுக்குப் போகலாம். ஒன்று தவறினால் முதலிலிருந்து. முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆனது. ஆறாவது ஆளாகப் போன பெண் மூன்று தடவை நெட்டில் அடித்தாள், மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நான்காவது தடவை அவள் பந்தை எடுக்கப் போகும்போது எங்கள் லிபரோ, பின்வரிசையில் பந்தைத் தடுத்து எடுக்க மட்டும் இருப்பவள், சும்மா போய் அவள் பக்கத்தில் நின்று, ‘இன்னிக்கு எனக்கு வீட்ல ஒரு வேலையும் இல்ல, மெதுவா போடு’ என்றாள். பந்து விழுந்தது. அந்த லிபரோவைத்தான் அப்புறம் நான் கேப்டனாகப் பேசவைத்தேன். அதுவரை அவள் குரலையே யாரும் கேட்டதில்லை.

கேப்டன் என்றாலே நன்றாக ஸ்மாஷ் அடிப்பவர் என்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. அடிப்பதற்கு அவர் இருக்கிறார், போதும்.

அடுத்தது சோம்பல். இதைச் சோம்பல் என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், நியாயமும்தான். அவர்களுக்கே தெரியாமல் நடக்கிற விஷயம் இது. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913-ல் வெளியிட்டார். ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடுகிற இழுப்பு குறைந்துகொண்டே போனது. 1979-ல் உளவியலாளர்கள் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பார்த்தார்கள், அதே கதை. தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் இந்தக் குறைவு மறைந்துவிடுவதும் பின்னால் தெரியவந்தது.

அதனால்தான் எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பாயிண்ட் யார் எடுத்தார்கள் என்பது அதில் கிடையாது, அதற்கு ஸ்கோர் ஷீட் இருக்கிறது. நம் ஆள் அடிக்கும்போது எதிரணி நெட்டருகே கை தூக்கித் தடுக்கிற பிளாக்கில் பட்டுத் திரும்பி வரும் பந்துக்காகப் பின்னால் குனிந்து நின்றவர்கள் யார், வெளியே போகிற பந்தை விடாமல் துரத்தியவர் யார், ‘என் பந்து’ என்று சத்தமாகக் கூப்பிட்டவர் யார் என்று கோடு போடுவோம். மைதானத்தில் தெரியாத வேலைகள் இவை. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது எங்கள் சிறந்த அட்டாக்கருக்கு, குனிந்து நின்றதற்கான முதல் கட்டத்தில் ஒன்பதே கோடு. திட்டவே இல்லை, நோட்டை அவளிடம் நீட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து குனிய ஆரம்பித்தாள்.

நோட்டைப் பிடிப்பது பெஞ்சில் இருப்பவர்கள். அவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற மாற்று வீராங்கனையின் மனசில், ஆடுகிறவள் தப்பு செய்ய வேண்டும் என்ற ஆசை மெல்ல முளைக்கும். நானும் பெஞ்சில் இருந்திருக்கிறேன், எனக்கும் முளைத்திருக்கிறது. கையில் வேலை இருந்தால் ஆசை கொஞ்சம் அடங்கும். முழுக்கப் போய்விடும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கோபத்துக்கு ஒரே விதிதான்: நடுவரிடமோ சக ஆட்டக்காரரிடமோ கத்தினால் அடுத்த செட் வெளியே. யாராக இருந்தாலும். 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸின் ஜிதான் 110-வது நிமிஷத்தில் எதிரணி வீரரைத் தலையால் முட்டி சிவப்பு அட்டை வாங்கினார். பிரான்ஸ் பெனால்டியில் தோற்றது. அவர் அளவுக்குத் திறமை இருந்தும் ஒரு நொடி போதுமானதாக இருந்தது. விதி போடுவது சுலபம், அமல்படுத்துகிற நாள்தான் கஷ்டம். நான் சிறந்த அட்டாக்கரை உட்காரவைத்தேன், அந்த மேட்சைத் தோற்றோம், அவள் அப்பா என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு விதியை யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோல்விக்கு வருவோம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றது. அது இரண்டாவது ஆட்டம்தான். அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினை 3-0 என்று வென்றது. அரையிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்று, வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று ஜெயித்தது. கடைசிச் சில விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரை கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஹாக்கிப் பதக்கம் அது. அந்த 1-7-ஐ மனசில் சுமந்துகொண்டே போயிருந்தால் ஸ்பெயினோடேயே முடிந்திருக்கும்.

நாங்கள் செய்வது இது: தோற்ற அன்று ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. சாப்பிட்டுத் தூங்கு. மறுநாள் மூன்று கேள்வி. எது நம் கையில் இருந்தது? எது இல்லை? இந்த வாரம் மாற்றப்போகிற ஒரே விஷயம் எது? மூன்றாவதில் ‘இன்னும் நல்லா உழைக்கணும்’ என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ‘சர்வீஸ் பாஸில் இடது காலை முன்னால் வைக்கணும்’ என்பதுபோல் இருக்க வேண்டும். ஜெயித்த மறுநாளும் இதே மூன்று கேள்விதான். 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது மூன்றாவது செட்டில் தூங்கிவிடுகிற வியாதி எங்களுக்கு இருந்தது. அந்தத் தாள்களில்தான் அது பிடிபட்டது.

கடைசியாக ஒன்று, இதில் நானே இன்னும் தேறவில்லை. ஐந்தாவது செட், 13-13. எதிரணி அடித்த பந்து எங்கள் பிளாக்கைத் தாண்டி வெளியே விழுந்தது. நடுவர் எங்களுக்குப் பாயிண்ட் காட்டினார். 14-13, இன்னும் ஒன்றுதான். எங்கள் நடு பிளாக்கர் கையைத் தூக்கினாள். தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டி, ‘டச்’ என்றாள். பந்து அவள் விரலில் பட்டுப் போயிருந்தால் பாயிண்ட் எதிரணிக்கு. ஸ்கோர் 13-14 ஆனது, அடுத்த பந்தில் மேட்ச் போனது. திரும்பி வரும்போது, ‘அக்கா, கோபமா?’ என்று கேட்டாள். ‘ஆமா’ என்றேன். பொய் சொல்ல வரவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து நெட்டை மடிக்கப் போனாள்.

மறுநாள் நோட்டைத் திறந்தேன். அவள் செய்ததற்கு அதில் கட்டமே இல்லை. ஸ்கேலை எடுத்து ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் கிழித்து, அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டேன்.