சேலத்திலிருந்து காலாநாக்: முதல் பனிமலைக்குத் திட்டமிடுவது எப்படி?

ஏற்காட்டுக்கு நடந்தே ஏறிப் பழகியவர்கள் சேலத்தில் நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு, அடுத்து ஒரு பனிமலையில் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அங்கே கால் மட்டும் தளர்வதில்லை, புத்தியும் மந்தமாகிவிடும். எங்கே திரும்புவது, எத்தனை நாள் காத்திருப்பது, ஒருவருக்கு முடியவில்லை என்றால் கூட யார் இறங்குவது என்பதையெல்லாம் அங்கே போய் யோசிக்க முடியாது. சேலத்தில் உட்கார்ந்து, தெளிந்த தலையோடு முடிவெடுத்து, எழுதிக்கொண்டு போக வேண்டும்.

உதாரணத்துக்கு காலாநாக் சிகரத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 6,387 மீட்டர். உத்தராகண்டின் பந்தர்பூஞ்ச் மலைத்தொகுதியில் இதுதான் உயர்ந்தது. கடைசிச் சாலையிலிருந்து பல நாள் நடை, அப்புறம் பனியாறு, அதற்கும் மேலே சிகரம். தொழில்நுட்பரீதியில் மிகக் கடினமானதல்ல என்பார்கள். அதை நம்பி நேராகக் கிளம்பிவிடாதீர்கள்.

படி 1: முதலில் பயிற்சி, பிறகு சிகரம்

பனியில் நடந்தே பார்க்காதவருக்கு இது முதல் மலை அல்ல. முதலில் 4,000 மீட்டரை ஒட்டிய ஒரு மலைநடைக்குப் போய், உங்கள் உடம்பு உயரத்துக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று பாருங்கள். கேதார்காந்தா இதற்குப் பொருத்தமானது. காலாநாக்குக்குப் போகும் அதே சாங்க்ரி கிராமத்திலிருந்துதான் அதற்கும் கிளம்புகிறார்கள்.

அடுத்து, அடிப்படை மலையேற்றப் படிப்பு. உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்திலும், டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனத்திலும் இது 28 நாள் படிப்பு. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் விடுப்புக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு மாத விடுப்பு கேட்பது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிப் போக வழி சொல்ல மாட்டேன்.

படி 2: பருவம், அனுமதி, குழு

மே பாதியிலிருந்து ஜூன் வரை ஒரு பருவம், செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை இன்னொன்று. நடுவில் மழைக்காலம், அப்போது மலைச்சாலையே நிற்காது. முதல் பருவத்தில் பனிப்பிளவுகள், அதாவது பனியாற்றில் விழுந்திருக்கும் ஆழமான வெடிப்புகள், பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டாவதில் வாய் திறந்து கண்ணுக்குத் தெரியும், ஆனால் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

சிகரத்துக்கு டெல்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். பாதை கோவிந்த் வனவிலங்கு சரணாலயம் வழியாகப் போவதால் உத்தராகண்ட் வனத்துறையின் அனுமதியும் வேண்டும். முதல்முறை போகிறவர்கள் ஒரு ஏற்பாட்டாளர் மூலம் போவதே நல்லது. விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முகாமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்குமா? வானிலைக்காக எத்தனை உபரி நாள்? சுமை தூக்குபவர்களுக்குக் காப்பீடு, நல்ல ஷூ, கண்ணாடி எல்லாம் யார் கொடுப்பது? கடைசிக் கேள்விக்கு மழுப்புகிறவரோடு போகாதீர்கள். சுமை தூக்குபவரின் உயிரைப் பற்றி அக்கறை இல்லாதவர் உங்கள் உயிரையும் அப்படித்தான் பார்ப்பார்.

படி 3: நாள் கணக்கு

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே முகாமில் இரண்டு இரவு தங்க வேண்டும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள்.

சாங்க்ரி சுமார் 1,950 மீட்டர். தாலுகா என்ற கிராமம் வழியாக சீமா, சுமார் 2,560. அங்கிருந்து ருயின்சாரா ஏரி சுமார் 3,500. பார்த்தீர்களா, சீமாவிலிருந்து ஒரே நாளில் ஏரிக்குப் போனால் ஏறத்தாழ 900 மீட்டர் கூடிவிடுகிறது. நடுவில் தேவ்சு புல்வெளியில் ஒரு இரவு தங்கினால் அது இரண்டாகப் பிரியும். ஏரிக்கரையில் இரண்டு இரவு. மறுநாள் பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். அப்புறம் அடிவார முகாமான கியார்கோட்டி, அதற்கு மேல் முன்தள முகாம், முதல் முகாம், 5,600 வாக்கில் சிகர முகாம். மேல் முகாம்களுக்கு முதல் நாள் சாமானைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி, அடுத்த நாள்தான் குடிபோக வேண்டும். இரண்டு மூன்று உபரி நாளையும் சேர்த்தால் சாங்க்ரியிலிருந்து சாங்க்ரிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பத்தே நாளில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த இரவை வெட்டினார்கள் என்று கேளுங்கள்.

படி 4: சேர்வராயன் மலையில் பயிற்சி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். காலாநாக்கின் சிகர நாளில் ஏறுவதைவிட இது அதிகம். கால், முதுகு, மூச்சு மூன்றுக்கும் இதைவிட நல்ல பயிற்சிக்களம் நமக்கு வேறு வேண்டாம். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர்தான். எத்தனை முறை ஏறினாலும் உயரத்துக்கு உடம்பு பழகாது, அதை இமயத்தில்தான் பழக்க வேண்டும்.

குறைந்தது ஆறு மாதம் ஒதுக்குங்கள். வாரநாட்களில் ஓட்டமோ சைக்கிளோ, வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஏற்றம். 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் நடப்பதானால் வண்டிகள் கூடும் முன், விடியற்காலையில் முடித்துவிடுங்கள். கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் ஏறும் காட்டுப்பாதை இன்னும் நல்லது, ஆனால் வனத்துறை அனுமதியோடு மட்டும். கோடையில் காட்டுத்தீ அபாயம் உண்டு.

முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களைச் சுமையாக வையுங்கள். ஐந்து கிலோவில் தொடங்கி மெதுவாகப் பதினைந்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் சில வாரம் மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம், முழங்கால் தப்பிக்கும். பிற்பாடு சுமையோடே இறங்கிப் பழகுங்கள், ஏனென்றால் இமயத்தில் இறங்கும்போதும் பை முதுகில்தான் இருக்கும்.

படி 5: வேப்பமரத்தில் கயிறு

பனியாற்றில் தனியாக நடக்கக் கூடாது. மேலே மெத்தென்று பனி மூடியிருக்கும், கீழே பிளவு இருக்கும். அதனால் குறைந்தது மூன்று பேர் ஒரே கயிற்றில், பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில், கயிறு அதிகம் தொய்யாமல் நடக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பனிக்கோடரியைக் குத்தி அப்படியே பனியில் படுத்து அவரைத் தாங்க வேண்டும்.

விழுந்தவர் மேலே வரும் வித்தையை வீட்டிலேயே பழகலாம். உறுதியான மரக்கிளையில் ஏறுகயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். 6 மி.மீ. சிறுகயிற்றில் இரண்டு வளையம் செய்து, இரண்டையும் ஏறுகயிற்றில் மும்மூன்று சுற்றாக ப்ருசிக் முடிச்சுப் போடுங்கள். மேல் வளையம் இடுப்பு ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), கீழ் வளையம் காலுக்கு. எடை விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடிக்கும், எடையை எடுத்தால் தளர்ந்து நகரும். காலை ஊன்றி எழுந்து இடுப்பு முடிச்சை மேலே தள்ளுங்கள். பிறகு இடுப்பில் உட்கார்ந்து கால் முடிச்சைத் தள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம், கீழே ஒருவர் நிற்கட்டும். கை பழகியதும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும் சாதாரண நைலான் கயிறு இதற்கு ஆகாது. மலையேற்றத்துக்கென்றே தயாரித்த கயிறுதான் வேண்டும்.

படி 6: சாமானும் சாப்பாடும்

இரட்டை அடுக்கு ஷூ, கிராம்பான் (ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்), பனிக்கோடரி, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஷூவும் கிராம்பானும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கீழேயே மாட்டிப் பாருங்கள். பருத்தித் துணி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பைக் குளிர்த்துவிடும். வெயில் கண்ணாடி நான்காம் வகை (Category 4) இருட்டு உள்ளதாக இருக்கட்டும். புதுப்பனி வெயிலைத் திருப்பியடிக்கும், சில மணி நேரத்தில் கண் எரிந்து தற்காலிகமாகப் பார்வை போய்விடலாம்.

5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் சரியாக வேகாது. இங்கே நம்ம ஊர் ஜவ்வரிசி கைகொடுக்கும். மரவள்ளி மாவு அதற்கும் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும் என்பதால், ஊறவைத்த ஜவ்வரிசி அங்கேயும் கஞ்சியாகும். பசியே இல்லாத உயரத்திலும் அது தொண்டையில் இறங்கும். கடலைமிட்டாய் குளிரில் கல்லாகிவிடும், சட்டையின் உள்பையில் வையுங்கள். அடுப்புக்கான வாயுக் குப்பியை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகக் கூடாது, அங்கேதான் வாங்க வேண்டும்.

படி 7: அந்தத் தாள்

இப்போது ஒரு தாளில் எழுதுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் அன்று மேலே ஏறுவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே. உயரநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சிகர நாளில் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் பனி இறுகியிருக்கும். திரும்பும் நேரம் பகல் 11 மணி என்று வைத்தால், சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் 11 மணிதான். புதுப்பனி கொட்டினால் ஒன்றிரண்டு நாள் முகாமை விட்டு நகர வேண்டாம். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரச் சரிவில் பனிச்சரிவு 29 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். அனுபவம் உள்ளவர்களையே அள்ளிக்கொண்டுபோகும் சரிவு அது.

சாங்க்ரிக்கு மேலே போன் சிக்னலை நம்ப வேண்டாம். சாட்டிலைட் போனை நம் நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அதனால் அவசரத்தில் ஓடி இறங்கிச் சொல்லப்போவது யார் என்பதையும் தாளில் எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சாங்க்ரியில் தங்கும் இடத்தில், ஒன்று உங்கள் பையில். எந்தத் தேதி வரை தகவல் இல்லாவிட்டால் வீட்டார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

போவதற்கு சேலம் ஜங்ஷனிலிருந்தே கேரளா எக்ஸ்பிரஸ் டெல்லிக்கு இருக்கிறது. அங்கிருந்து டேராடூன், பிறகு ஒரு முழுநாள் மலைச்சாலை. திரும்பும் டிக்கெட்டை மட்டும், உபரி நாள் எல்லாம் செலவானாலும் கையில் இரண்டு நாள் மிஞ்சும்படி போடுங்கள். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், காத்திருக்க வேண்டிய நாளில் முகாமை விட்டுச் சிகரத்துக்குக் கிளம்புகிற நிலை யாருக்கும் வர வேண்டாம்.