கன்று வாங்கும் முன் அடிக்கட்டையைப் பாருங்கள்

வளமிழந்த நிலத்தில் மரம் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் நர்சரிக்கு ஓட வேண்டாம். நிலம் முழுவதும் நடந்து, வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளில் துளிர் இருக்கிறதா என்று தேடுங்கள். அவற்றின் வேர்கள் ஏற்கெனவே ஆழத்தில் ஈரத்தைப் பிடித்திருப்பதால், புதிய கன்றைவிடத் துளிர் வேகமாக எழும். கட்டைக்கு இரண்டு மூன்று வலுவான, நேரான துளிர்களை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கூர்மையான அரிவாளால் கழியுங்கள். கழித்த தழையைத் தயவுசெய்து எரிக்காதீர்கள். பயிருக்கு அதுவே மூடாக்கு, அதாவது மண்ணை மூடி ஈரம் காக்கும் போர்வை. ஆடு மாடு மேயாமல் காப்பது மிக முக்கியம்.

நைஜர் நாட்டில் 1980-களில் பரவத் தொடங்கிய இந்த முறை, லட்சக்கணக்கான ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்களை மீட்டிருக்கிறது.

கட்டையே இல்லாத இடத்தில் மட்டும் அகத்தி, கிளைரிசிடியா போன்ற மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் மரங்களை, மழை தொடங்கியதும் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடுங்கள்.