மாருதி 800-இல் பழைய டீசல் டர்போ ஏற்றுவது: ஆயில் திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

அப்பா ஓட்டிய 2004 மாடல் மாருதி 800 எங்கள் வீட்டில் நிற்கிறது. எம்பிஎஃப்ஐ வண்டி (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிப்பது), 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். விற்க மனம் வரவில்லை. டர்போ (எஞ்சின் புகையால் சுழன்று உள்ளே அதிகக் காற்றைத் தள்ளும் கருவி) போடலாம் என்ற துணிச்சலைத் தந்தது சுசூகியேதான். இதே எஃப் குடும்பத்தைச் சேர்ந்த வெறும் 543 சிசி எஞ்சினில் டர்போ வைத்து, 1987-இல் ஆல்டோ வொர்க்ஸ் காரில் 64 குதிரைத்திறன் எடுத்தார்கள். அது பன்னிரண்டு வால்வு, இரட்டை கேம். நம்முடையது ஆறு வால்வு, ஒற்றை கேம். அதனால் அந்த எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள். 0.4 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) கொடுத்தால் 37-ஐ 1.4-ஆல் பெருக்கி, சூட்டிலும் உராய்விலும் போவதைக் கழித்து, 45 முதல் 50 வரை எதிர்பார்க்கலாம். 650 கிலோ வண்டிக்கு அதுவே நிறைய.

தொடங்கும் முன் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டர்போ போட்ட பிறகு என் வண்டி சாலையில் ஓடுவதில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கூட லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். தினமும் ஆபீஸ் போகும் வண்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

1. எஞ்சினைச் சோதியுங்கள்

மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (பிஸ்டன் அழுத்தும்போது வரும் அழுத்தம்) அளந்து எடுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போவை மறந்துவிட்டு ரிங் வேலையைப் பாருங்கள். தேய்ந்த ரிங் உள்ள எஞ்சின் பூஸ்ட் தாங்காது. அதைவிட முக்கியமாக, அது ஆயில் அறைக்குள் காற்றை ஊதித் தள்ளும். அந்தக் காற்று செய்யும் வேலையைக் கீழே சொல்கிறேன்.

2. டர்போ

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அரை நாள் சுற்றினேன். நான் எடுத்தது போர்க்வார்னர் கேபி35. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினில், 75 குதிரைத்திறன் வகையில் வருவது. விலை 6,500 ரூபாய். 90 குதிரைத்திறன் வகையில் வரும் விஜிடி டர்போ பக்கம் போகாதீர்கள். அதன் நகரும் இதழ்களைக் கட்டுப்படுத்துவது புதிதாகத் தொடங்குபவருக்கான வேலை இல்லை.

வாங்கும்போது டர்போவின் சக்கரங்களை இணைக்கும் தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது சரிதான், ஆயில் ஏறினால் அடங்கிவிடும். ஆட்டிக்கொண்டே சுழற்றும்போது சக்கரம் சுவரில் உரசினால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

டீசல் டர்போவுக்கு ஒரு குறை உண்டு. பெட்ரோல் எஞ்சினின் புகை டீசலைவிடச் சூடு அதிகம், இந்த டர்பைன் அந்தச் சூட்டுக்காகச் செய்யப்படவில்லை. பணம் இருந்தால் பெட்ரோல் காரிலிருந்து கழற்றிய, தண்ணீர்க் குளிர்ச்சி உள்ள டர்போ வாங்குங்கள், அதுதான் முறை. என்னிடம் இல்லை. அதனால் முழு பூஸ்டில் நீண்ட நேரம் அழுத்துவதில்லை. ஓட்டி முடித்ததும் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். இல்லையென்றால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகிக் கரியாகிவிடும்.

3. மேனிஃபோல்டு

எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் பைப் இது. தடித்த ஸ்டீம் பைப், 10 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் வெட்டிய ஃபிளாஞ்ச், நல்ல வெல்டர். 5,000 ரூபாயில் முடிந்தது. வெல்டிங் செய்யும்போது ஃபிளாஞ்சைப் பழைய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கி வையுங்கள், இல்லையென்றால் வளையும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் பைப் பார்க்க அழகு, டர்போவின் எடையில் விரிசல் விடும்.

4. ஆயில் போகும் வழி, வரும் வழி

மூன்று மாதத்தை நான் இழந்தது இங்கேதான்.

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது ஐந்து நிமிடம் அருமையாக ஓடியது. பிறகு சைலன்சரில் நீலப் புகை, தெருவே தெரியாத அளவுக்கு. டர்போ சீல் போய்விட்டது என்றார்கள். உள் காட்ரிட்ஜை (தண்டும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதி) மாற்றினேன். மறுபடி அதே புகை. இன்னொன்று வாங்கி மாற்றினேன். மறுபடியும் புகை. லேத்துப் பட்டறை அண்ணன்தான் கடைசியில் கீழே குனிந்து பார்த்து, "தம்பி, ஆயில் எங்க இறங்குது?" என்று கேட்டார்.

டர்போவில் நாம் நினைக்கும் ரப்பர் சீல் கிடையாது. தண்டின் இரு முனையிலும் பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையங்கள்தான் இருக்கும். இருபுறமும் உள்ள அழுத்தம்தான் ஆயிலை உள்ளே வைத்திருக்கிறது. எஞ்சின் பம்ப் அழுத்தத்தோடு ஆயிலை உள்ளே தள்ளும். ஆனால் அது பேரிங்கைக் கடந்து வெளியே வரும்போது அழுத்தம் எதுவும் இல்லை, நுரையாகச் சொட்டும். அதைக் கீழே இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. வழியில் கொஞ்சம் தடங்கல் வந்தாலும் ஆயில் நடு அறையில் தேங்கி, வளையத்தைத் தாண்டி டர்பைனுக்குள் போய் எரியும்.

நான் செய்திருந்த தவறுகள் மூன்று. 8 மி.மீ. ஹோஸ் போட்டிருந்தேன். அது நடுவில் தொய்ந்து யு வடிவில் நின்றது. சம்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே துளை போட்டிருந்தேன்.

சரியான முறை இது. ஆயில் திரும்பி இறங்கும் டிரெய்ன் பைப்பின் உள்விட்டம் குறைந்தது 12 மி.மீ. இருக்கட்டும். டர்போவில் ஆயில் வெளியேறும் வாய் நேர் கீழே பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 35 டிகிரிக்குள். ஹோஸ் முழுக்க இறக்கமாகவே போக வேண்டும், எங்கும் மேலே ஏறக் கூடாது. அது சம்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சம்பை வண்டியில் வைத்துக்கொண்டே துளை போடாதீர்கள், இரும்புத் துகள் உள்ளே விழுந்தால் எஞ்சினே போகும். கழற்றி, பித்தளை ஒட்டுப் போட்டு, கழுவி, தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்து மாட்டுங்கள். எனக்கு 1,500 ரூபாய் ஆனது. இரண்டு காட்ரிட்ஜுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

ஹோஸுக்கு ஆயிலும் சூடும் தாங்கும் ரகம் வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

5. வேஸ்ட்கேட்

பூஸ்ட் எல்லை தாண்டாமல் புகையை வெளியே திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட், அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். டீசல் டர்போவின் ஆக்சுவேட்டர் மிக அதிக பூஸ்டில்தான் திறக்கும். அப்படியே மாட்டினால் 800-இன் ஹெட் கேஸ்கெட் ஒரே நாளில் போகும். மெல்லிய ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டருக்கு மாறுங்கள். மீட்டர் வைத்த சைக்கிள் பம்பை அதன் குழாயில் செருகி அடியுங்கள். தண்டு 0.3 பாரில் அசையத் தொடங்கினால் போதும்.

6. பெட்ரோலும் ஈசியூவும்

அசல் மேப் சென்சார் (இன்டேக்கில் காற்றழுத்தம் அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும். பூஸ்ட் வந்தது அதற்குத் தெரியாது, பெட்ரோலின் அளவும் அதிகரிக்காது, பிஸ்டன் உருகும். அசல் ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏமாற்றும் சின்னச் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அசல் ஈசியூவுக்குப் பதிலாக ஸ்பீடுயினோ போடுங்கள். ஆர்டுயினோ மெகா மேல் ஓடும் திறந்த மூலத் திட்டம், அதன் சென்சார் 2.5 பார் வரை படிக்கும். போர்டும் வயரிங்கும் சேர்த்து எனக்கு 18,000 ஆனது.

இன்ஜெக்டர் கணக்கு எளிது. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் குடிக்கும். தாராளமாக 60 குதிரைத்திறன் என்று வைத்தால் 16.2 கிலோ. மூன்றால் வகுத்தால் 5.4. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்பதால் 6.75. அதாவது நிமிடத்துக்கு 152 சிசி. 200 சிசி இன்ஜெக்டர் வாங்கினால் கவலை இல்லை.

காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன என்று புகையை வைத்துக் காட்டும் வைட்பேண்ட் லாம்டா மீட்டர் கட்டாயம். 16,000 கொடுத்தேன், இந்தப் பட்டியலிலேயே பயனுள்ள செலவு அதுதான். லாம்டா 1 என்றால் சமநிலை, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். பூஸ்டில் லாம்டா 0.80 அருகே இருக்கட்டும். 14.7, 12.5 என்று விகிதக் கணக்கில் பார்க்காதீர்கள். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதற்குச் சமநிலை விகிதமே சுமார் 13.5. லாம்டாவாகப் பார்த்தால் எந்தப் பெட்ரோலுக்கும் அதே எண்.

டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி வீதம் குறைத்துத் தொடங்குங்கள். 0.4 பார் என்பது சுமார் 6 பிஎஸ்ஐ, அதற்கு ஆறு டிகிரி. பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மி.மீ.

7. முதல் ஸ்டார்ட்

ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, டிரெய்ன் ஹோஸின் கீழ் முனையை ஒரு டப்பாவில் விட்டு, பத்துப் பத்து நொடியாகச் செல்ஃப் அடியுங்கள். டப்பாவில் ஆயில் வந்த பிறகுதான் ஹோஸை சம்பில் மாட்டி, ஃபியூஸ் போட வேண்டும்.

இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிரவைப்பது) பைப் எல்லாவற்றையும் 0.5 பார் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள்.

பின்சேர்க்கை 1: ஆயில் ஃபீட் (டர்போவுக்கு ஆயில் போகும் குழாய்) எடுக்கும்போது எஞ்சின் பிளாக்கில் மரை கெட்டுவிட்டதாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவரும் போட்டது அமெரிக்க என்பிடி ஃபிட்டிங். சுசூகி பிளாக்கில் ஆயில் ஸ்விட்ச் இருக்கும் துளை 1/8 பிஎஸ்பிடி. என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பிடியில் 28. இரண்டு சுற்று சுலபமாக ஏறும், மூன்றாவதில் பிடிக்கும். அங்கேயே நிறுத்துங்கள், ஸ்பேனரால் அழுத்தாதீர்கள்.

பின்சேர்க்கை 2: டிரெய்னை நான் சொன்னபடியே செய்தும் புகை வருவதாக ஒருவர் எழுதினார். படங்களைப் பார்த்தபோது பிசிவி ஹோஸ் (ஆயில் அறையின் காற்றை ஒரு வால்வு வழியாக வெளியே எடுக்கும் குழாய்) இன்டேக் மேனிஃபோல்டிலேயே இருந்தது, வேறு காற்று வழி இல்லை. பூஸ்ட் வந்ததும் அந்த வால்வு மூடிக்கொள்ளும், ரிங்கைத் தாண்டி வரும் காற்று சம்புக்குள்ளேயே அடைபடும், டிரெய்ன் ஹோஸில் ஆயில் இறங்க முடியாமல் நிற்கும். வால்வு கவரிலிருந்து தடித்த ஹோஸ் ஒன்றை எடுத்து ஒரு கேட்ச் டப்பாவுக்கு விடச் சொன்னேன். மறுவாரம் புகை நின்றுவிட்டது.