பற்றைக்குள் ஒரு கொக்கு

வன்னியில் மாரி தொடங்கி இரண்டு மூன்று கிழமை போனால் பற்றையெல்லாம் தளிர்விட்டு நிற்கும், கமராவோடு இறங்க அதுதான் நேரம். தளிரும் கொடிச் சுருளும்தான் கொக்கு, படமெடுத்த பாம்பு, கொக்கி என்று விதவிதமான உருவத்தில் நிற்கும்.

போன மாரியில் மாங்குளம் பக்கம் ஒரு வேலியோரம் கொவ்வைத் தளிர் ஒன்று கழுத்தை வளைத்த கொக்கு மாதிரியே நின்றது. நாலைந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொக்கைக் காணவில்லை, பச்சைக்குப் பின்னால் பச்சை, எல்லாம் கலந்துபோயிருந்தது. நம் இரண்டு கண்ணுக்கும் தளிர் முன்னால், பற்றை பின்னால் என்று பிரித்துத் தெரியும். கமராவுக்கு இருப்பது ஒரு கண்தான். அதனால் முதலில் பின்னணியைப் பாருங்கள். குந்தியிருந்து கீழேயிருந்து எடுத்தால் பின்னால் வானம் வரும், அது முடியாவிட்டால் கூட வந்தவரைக் கடும் நிறச் சாரம் ஒன்றை மூன்றடி பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு விரலளவு நகர்ந்தாலே உருவம் உடையும், ஆகவே மெல்ல நகர்ந்து தேடுங்கள்.

போன் என்றால் மிகக் கிட்டப் போகாதீர்கள், மங்கிவிடும். ஒரு சாண் தள்ளி நின்று, தளிரின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். காலை ஏழு மணிக்குள் என்றால் காற்றும் குறைவு, சாய்ந்த வெயிலில் தளிரின் மயிர்கூடத் தெரியும்.

கார்த்திகைப்பூக் கொடியில் இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், அதைப் பக்கவாட்டில் எடுங்கள். கொவ்வைச் சுருளை உற்றுப் பாருங்கள், கம்பைப் பிடித்த பிறகு பாதி ஒரு பக்கமும் மீதி மறுபக்கமுமாகச் சுருண்டிருக்கும். இரண்டு முனையும் கட்டுண்டு நிற்பதால் ஒரே பக்கமாக முறுக்க வழியில்லை. திசை மாறும் அந்த இடத்தை நடுவில் வைத்து எடுத்த படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: நல்ல உருவம் தெரிகிறது என்று பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். பற்றைக்குள் கையை விடவும் வேண்டாம், விரியன் கிடக்கும். வேலியோரத்திலும் குளக்கட்டிலும் வேண்டிய அளவு இருக்கிறது.

தளிரைக் கிள்ளி வசதியாக வைத்து எடுப்பது எனக்குப் பிடிக்காது, கொஞ்ச நேரத்தில் வாடி உருவமே மாறிவிடும். இன்று கொக்கியாக நிற்கிற சுருள் நாளைக்குக் கம்பைப் பிடித்திருக்கும், அதே இடத்துக்கு மறுநாளும் போங்கள்.