ட்வின்-டிப் ஸ்கீ: அகலத்தைப் பார்த்து வாலைக் கோட்டைவிடாதீர்கள்

நுனி மட்டுமல்ல, வாலும் மேலே வளைந்த ஸ்கீதான் ட்வின்-டிப். அதில் அகலமானதை வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இடுப்பு எத்தனை மில்லிமீட்டர்?" என்றுதான். பூட் நிற்கும் இடத்தில் ஸ்கீயின் அகலம் அது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி ரிசார்ட்டிலும் சறுக்க வேண்டும், அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் பிடிக்கும் பட்டை) ஒட்டிக்கொண்டு பேக்கன்ட்ரியில் (லிஃப்ட் இல்லாத மலைப்பகுதி) நடந்தும் ஏற வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பிற்பாடு தலைவலி தருவது பெரும்பாலும் அந்த எண் இல்லை, ஸ்கீயின் பின்பாதி.

ட்வின்-டிப் எதற்காக வந்தது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். 1998-இல் சாலமன் நிறுவனம் 'டென்எய்ட்டி' ஸ்கீயைக் கொண்டுவந்தது. மைக் டக்ளஸ், ஜே.பி. ஒக்லேர் போன்ற கனடிய வீரர்கள் அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தார்கள். எகிறிச் சுழன்று பின்பக்கமாகத் தரையிறங்க வேண்டும், பின்னோக்கியே சறுக்க வேண்டும். அதற்காகத்தான் வாலும் நுனி மாதிரி மேலே வளைந்தது. மலை ஏறி நடப்பது அந்தக் கணக்கிலேயே கிடையாது. பெரிய அகலம் வந்தது வேறொரு வழியில். தண்ணீரில் சறுக்கும் ஸ்கீயில் பைண்டிங் (பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் கருவி) பொருத்தி அலாஸ்கா மலையில் இறங்கிப் பார்த்த ஷேன் மெக்கான்கியின் யோசனையில், வோலன்ட் நிறுவனம் 'ஸ்பாட்டுலா'வைச் செய்தது. இடுப்பு 125 மில்லிமீட்டர். நுனியும் வாலும் மேலே தூக்கி, நடுப்பகுதி தாழ்ந்திருந்தது. இந்த இரண்டு வம்சமும் கலந்ததுதான் இன்றைக்குக் கடையில் நிற்கும் அகல ட்வின்-டிப்.

பவுடரில் (புதிதாய் விழுந்த மெத்தென்ற பனி) மிதப்பது அகலத்தால் மட்டும் நடப்பதில்லை. நுனி எவ்வளவு தூரம் முன்கூட்டியே மேலே எழுகிறது (ராக்கர் என்பார்கள்), ஸ்கீயின் நீளம், உங்கள் எடை எல்லாம் சேர்ந்ததுதான் அது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 100 மில்லிமீட்டர் ஸ்கீ தரும் மிதப்பை 90 கிலோ ஆள் பெற வேண்டுமானால் 110-க்கு மேல் போக வேண்டியிருக்கும். ஆகவே 95 கிலோ நண்பர் 118-இல் பறக்கிறார் என்பது உங்களுக்கு ஒரு தகவலே இல்லை. இன்னொரு பக்கம், அகலம் கூடக்கூட இறுகிய பனியில் பிடிக்கும் விளிம்பு உங்கள் பாதத்தின் நடுக்கோட்டை விட்டுத் தள்ளிப்போகிறது. ஸ்கீயைச் சாய்த்து நிறுத்தக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்க வேண்டும். காலையில் உறைந்து கிடக்கும் ஏற்றத் தடத்தில் பக்கச் சரிவாக நடக்கும்போது இதே தொல்லை இரட்டிப்பாகும்.

எந்த மலையில் சறுக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அகலம். டொரன்டோவிலிருந்து ப்ளூ மவுண்டன் போய்வரும் நம்மவர்கள் பெரும்பாலும் கெட்டியான, இயந்திரம் சமன்படுத்திய பனியில்தான் சறுக்குகிறார்கள். அங்கே 110 என்பது வீண் சுமை, 90 முதல் 95 தாராளம். காஷ்மீரின் குல்மார்க் கதை வேறு. இரண்டாம் கட்ட கோண்டோலா அபர்வத் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டி இறக்கிவிடும், மேலே பெரும்பாலும் தீண்டப்படாத பனிதான், 108 முதல் 112 அங்கே தன் விலைக்கு நியாயம் செய்யும். ஒரே ஜோடிதான் என்பவருக்கு 98-க்கும் 106-க்கும் இடையில் பார்க்கச் சொல்வேன். எடை குறைந்தவர்கள் கீழ்ப்பக்கம். சில தொடர்களில் பெயரிலேயே எண் இருக்கும்: அட்டாமிக்கின் பென்ட் 100, 110, 120 என்பவை இடுப்பு அகலத்தைத்தான் சொல்கின்றன. வருஷத்தில் இரண்டே நாள் கிடைக்கும் கனவுப் பவுடருக்காக 120-ஐ வாங்கி, மிச்ச நாளெல்லாம் ஐஸில் தடுமாறுபவர்கள் நிறைய.

சரி, இனி பின்பாதி.

பைண்டிங்கை எங்கே பொருத்துவது என்பதை யோசிக்காமல் கடைக்காரரிடம் விட்டுவிடுவது பெரிய தவறு. பார்க்கில் (குதிக்க மேடுகளும் கம்பிகளும் வைத்த இடம்) விளையாட உருவான ட்வின்-டிப்களில் பரிந்துரைப் புள்ளி ஸ்கீயின் நட்டநடுவுக்கு ஒட்டியே இருக்கும். சாதாரண ஆல்-மவுண்டன் ஸ்கீயில் அது நடுவிலிருந்து 8 முதல் 12 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியிருக்கும். நடுவில் பொருத்தினால் ஸ்கீ சுலபமாகச் சுழலும், பின்னோக்கி ஓடும். ஆனால் உங்களுக்கு முன்னால் இருக்கும் நீளம் குறைந்துவிடுகிறது: ஆழமான பனியில் நுனி உள்ளே போகும், வேகமாக வளையும்போது முன்னால் சாய்ந்து நிற்க இடம் போதாது. பின்னால் வால் நீண்டு நிற்பதால் ஏற்றத்தில் கிக் டர்ன் (ஒரு காலைத் தூக்கித் திருப்பித் திசை மாற்றுவது) போடும்போது அது பனியில் மாட்டும். பாதி ரிசார்ட், பாதி பேக்கன்ட்ரி என்றால் நடுவிலிருந்து 4 முதல் 6 சென்டிமீட்டர் பின்னால் பொருத்தும்படி வடிவமைத்த ஸ்கீயைத் தேடுங்கள். வாடகை டெமோ ஸ்கீயில் பைண்டிங் தண்டவாளத்தில் நகரும். கடையில் சொல்லி ஒரு ஓட்டம் முன்னே, ஒரு ஓட்டம் பின்னே வைத்துப் பார்த்தால் ஒரு மதியத்தில் விடை தெரிந்துவிடும். துளை போட்ட பிறகு மனம் மாறுவது செலவு. திரும்பத் திரும்பத் துளைத்தால் ஸ்கீயின் வலுவும் போகும்.

நீளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் வளைந்திருப்பதால் பனியைத் தொடும் விளிம்பு, அட்டையில் போட்டிருக்கும் நீளத்தைவிடக் கணிசமாகக் குறைவு. 180 என்று எழுதியிருந்தாலும் இறுகிய பனியில் அது குட்டை ஸ்கீ போலத்தான் நடந்துகொள்ளும். பழைய தட்டை வால் ஸ்கீயின் அளவையே கேட்டு வாங்காமல், 5 சென்டிமீட்டராவது கூட்டிப் பாருங்கள். ரொம்பக் கூட்டினால் மறுபடி கிக் டர்னில் அனுபவிப்பீர்கள்.

அப்புறம் ஸ்கின். ஏற்றத்தில் பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ஒட்டும் அந்தப் பட்டையின் பின்கொக்கி, தட்டையான, நடுவில் சிறு வெட்டு உள்ள வாலுக்கு ஏற்றது. உருண்டு மேலே வளைந்த வாலில் அது பக்கவாட்டில் நழுவும். நழுவியதும் இடுக்கில் பனி நுழையும், பசை ஈரமாகி உறையும், மலையின் பாதியில் ஸ்கின் கழன்று தொங்கும். வால் வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே ஸ்கின்னை வெட்டி, கொக்கி இல்லாமல் பசையை மட்டும் நம்புகிறவர்கள் உண்டு. பசை சுத்தமாக இருக்கும்வரை வேலை செய்யும். ட்வின்-டிப்புக்கென்றே அகலமான கொக்கியும் கிடைக்கிறது. எதுவானாலும் பையில் இரண்டு ரப்பர் பட்டைகள் இருக்கட்டும். வளைந்த வாலுக்கு இன்னொரு குணம்: இறுகிய பனியில் நிமிர்த்தி நட்டால் ஆழமாக இறங்காது. ஸ்கின் கழற்றும் நேரத்தில் ஒரு ஸ்கீ மட்டும் கிளம்பி அடிவாரம் போய்ச் சேர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. படுக்கவைத்து, பைண்டிங்கின் பிரேக்கைப் பனியில் அழுத்திவிடுவதே நல்லது.

எடை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ரிசார்ட்டுக்கான அகல ட்வின்-டிப் ஒன்று 1,900 முதல் 2,200 கிராம் இருக்கும், மலை ஏறி நடப்பதற்கென்றே உள்ள டூரிங் ஸ்கீ 1,500-க்குள் வந்துவிடும். 1,000 மீட்டர் ஏற, ஐந்துக்கு ஒன்று சரிவில் தடம் போனால் நடை 5 கிலோமீட்டர், ஏறக்குறைய 7,000 காலடி. ஸ்கீக்கு 400 கிராம் கூடுதல் என்றால் காலடிக்குக் காலடி அதையும் சேர்த்து இழுக்கிறீர்கள். ஆனால் அதற்குப் பயந்து இறகு போன்ற ஸ்கீயை வாங்கினால், ரிசார்ட்டில் மதியத்துக்கு மேல் குதறிக் கிடக்கும் பனியில் அது உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும். இரண்டுக்கும் பொதுவாக 1,600 முதல் 1,850 கிராம் வரை சகிக்கலாம்.

பைண்டிங்கில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பூட்டின் முன்முனையை ஊசிகளால் கவ்வும் இலகுவான 'பின்' (pin) பைண்டிங் ஏறுவதற்கு அருமை. ஆனால் ரிசார்ட்டின் கெட்டிப் பனி அதிர்வையும், குதித்துத் தரையிறங்கும் அடியையும் உள்வாங்கும் நெகிழ்வு அதில் குறைவு. குதிக்காமல் இருக்க மாட்டீர்கள், அதற்குத்தானே ட்வின்-டிப்? 2018-இல் வந்த ஷிஃப்ட் போல, ஏறும்போது 'பின்' பைண்டிங்காகவும் இறங்கும்போது சாதாரண ரிசார்ட் (ஆல்பைன்) பைண்டிங்காகவும் மாறும் வகைதான் இந்த இரட்டை வேலைக்குச் சரி. உங்கள் பூட்டின் முன்பக்கத்தில் அந்த ஊசி செருகும் உலோகக் குழி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பழைய ரிசார்ட் பூட்களில் பெரும்பாலும் இருக்காது. பிரேக் ஸ்கீயின் இடுப்பைவிட 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் இறுகிய பனியில் உரசும், இடுப்பைவிடக் குறுகலாக இருந்தால் இறங்கவே இறங்காது. ஐஸில் பிடிக்க ஸ்கீயில் மாட்டும் பல் தகடான கிராம்பானுக்கும் இடுப்பைவிடச் சற்று அகலமானதுதான் வேண்டும்.

பழைய ட்வின்-டிப்பை மலிவாக வாங்குகிறவர்கள் பூட் நிற்கும் இடத்தின் கீழே விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். பார்க்கில் இரும்புக் கம்பிமேல் ஓடிய ஸ்கீயில் அங்கேதான் விரிசல் விடும். மேற்பரப்பில் எத்தனை பழைய துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். உங்கள் பைண்டிங்கின் துளை அவற்றிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி விழாது என்றால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.