“நல்லாத்தானே இருக்கான், இனி மாத்திரை எதற்கு?”

என் அண்ணனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்கு வயது 23. நோய் தொடங்கியது அன்றைக்கு இல்லை. அதற்கு ஒன்றரை வருடம் முன்பே ராத்திரி தூங்காமல் மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்திருந்தான். குளிப்பதில்லை. நண்பர்கள் வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. எதிர்வீட்டுக்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்பான். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். வேலை கிடைக்காத கவலை. ஏதோ காதல் விவகாரம். பெரியம்மா செய்வினை என்றார். அந்த ஒன்றரை வருடம்தான் எங்கள் முதல் தவறு.

பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுக்குள் தலைகாட்டும் நோய் இது. படிப்பு, வேலை, நட்பு எல்லாம் உருவாகிற வயது. சிகிச்சை இல்லாமல் நாள் போகப்போக, மருந்துக்குக் கட்டுப்படுவதும் தாமதமாகிறது. விட்டுப்போன படிப்பையும் ஆட்களையும் திரும்பப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். தூக்கம், குளியல், பேச்சு, சந்தேகம் இவற்றில் சில வாரங்களாக மாற்றம் தெரிந்தாலே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். அம்மா குணசீலம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டுதான் அந்த நாட்களைத் தாண்டினார். மருந்துக்குப் பதிலாக அங்கே கொண்டுபோய் விடுவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதே ஏர்வாடியில் பிறகு தர்காவுக்கு வருபவர்களுக்கு மனநல சிகிச்சையும் சேர்த்துக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. பிரார்த்தனை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

“ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்” என்று சொல்லாத உறவினர் கிடையாது. சரியாகாது. பெண் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று கல்யாணத்தன்று மாத்திரையை நிறுத்தி, அடுத்த சில மாதங்களில் இரண்டு குடும்பமும் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. சிகிச்சை தொடங்கி எட்டு மாதத்தில் அண்ணன் நன்றாகச் சாப்பிட்டான், சிரித்தான், ஒரு கடையில் வேலைக்கும் சேர்ந்தான். “நல்லாத்தானே இருக்கான்” என்று மாத்திரையை நிறுத்தினோம். முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை. தூக்கக் கலக்கம் போய் இன்னும் சுறுசுறுப்பாகவே தெரிந்தான். மாத்திரை தேவையே இல்லை என்று நாங்கள் முடிவுகட்டிய பிறகு, நான்காம் மாதம், யாரும் இல்லாதபோதும் அவன் காதில் கேட்கிற குரல்கள் திரும்பின. இந்த இடைவெளிதான் எல்லாக் குடும்பங்களையும் ஏமாற்றுகிறது. நிறுத்திய மறுநாளே நோய் வந்துவிட்டால் யாரும் நிறுத்தமாட்டார்கள். முதல் முறை நோய் வந்து தேறியவர்களை ஐந்து ஆண்டுகள் கவனித்து 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் கிட்டத்தட்ட 5 மடங்கு என்று சொல்கிறது. முதல் முறை என்றால் குணமான பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்து தொடர வேண்டும். அடிக்கடி திரும்பினால் இன்னும் நீண்ட காலம். குறைப்பதானாலும் மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சரி, மாத்திரையை வேண்டாம் என்பவரை என்ன செய்வது? பல வீடுகளில் பொடித்துக் காபியிலோ ரசத்திலோ கலந்துவிடுகிறார்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது, நாங்களும் செய்தோம். ஆனால் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுவதே இந்த நோயின் ஒரு குணம். கலப்பதை ஒருநாள் அண்ணன் பார்த்துவிட்டான். அவன் பயந்தது உண்மையாகிவிட்டது. அதன்பின் அம்மா கையால் சாப்பிட வைக்கவே மாதக்கணக்கில் ஆனது. நாக்கில் வைத்ததும் கரைகிற மாத்திரைகள் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போடும் ஊசிகளும் உண்டு. தினமும் மாத்திரைக்காகச் சண்டை நடக்கிற வீட்டில் ஊசி பெரிய நிம்மதி.

வேண்டாம் என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கும், அதைக் கேளுங்கள். சில மருந்துகளில் உடல் எடை ஏறும், சர்க்கரையும் கூடலாம். சிலவற்றில் கை நடுங்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற தாம்பத்தியச் சிக்கல்களும் வரலாம். ஒரு நிமிடம்கூட உட்கார முடியாமல் கால் பரபரக்கும் ஒரு தொல்லை உண்டு. அண்ணன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தான். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றியதும் அது அடங்கியது. இதையெல்லாம் சொன்னால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், ராத்திரி வேளைக்கு மாற்றலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் வினையாகிறது. இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்துப் பார்த்தும் குரல்கள் நிற்காதவர்களுக்கு க்ளோசபின் என்ற மருந்து இருக்கிறது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதற்காகப் பயந்து அதை மறுத்துவிடாதீர்கள்.

அப்புறம், கஞ்சா. நோயைக் கிளப்பிவிடும், மருந்து பிடித்து வைத்திருப்பதையும் கெடுக்கும். இதில் சமரசமே கூடாது.

இப்போது அம்மா சமையலறைக் காலண்டரில் தினமும் ஒரு எண் எழுதுகிறார், அண்ணன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று. அவனுக்கு நோய் திரும்பும்போது முதலில் கெடுவது தூக்கம்தான். மூன்று நாள் சேர்ந்தாற்போல் நான்குக்குக் கீழே போனால், குரல் கேட்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுகிறோம். போன மார்கழியில் அப்படி ஒருமுறை கூப்பிட்டோம். மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். அண்ணன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போனான்.